ஈரல் அறியும் நாழிகை

புளிய மரம் அந்தியில் இலை கூம்பிப் புலரியில் விரிவதைக் காணாத தமிழர் இரார். “மரம் தூங்குகிறது, இலை பறிக்காதே” என்று தாய்மார் பிள்ளைகளைத் தடுப்பதும் நாம் அறிந்ததே. ஆயின், இக்காட்சியைப் பற்றி இன்று நமக்குக் கிடைத்துள்ள எழுத்துகளுள் மிகப் பழையது ஒரு கிரேக்கருடையது. அலெக்சாந்தரின் கடற்படையில் இருந்த ஆண்டிரோஸ்தனிஸ் என்பார், கி.மு. 4-ஆம் நூற்றாண்டில், இன்று பஹ்ரைன் என வழங்கும் தீவில் புளிய மரத்தின் இலைகள் இரவில் மூடிப் பகலில் திறப்பதைக் கண்டு குறித்தார். அக்குறிப்பைத் தியோபிராஸ்தஸ் தம் தாவர நூலிற் சேர்த்து வைத்தமையால் அது நம் கைக்கு வந்தது.

கதிரவன் வந்தால் இலை விரிகிறது, போனால் மூடுகிறது. இதில் வியப்பென்ன என்று ஈராயிரம் ஆண்டு உலகம் வாளா இருந்தது. 1729-இல் பிரெஞ்சு வானியல் அறிஞர் மேரான் என்பாருக்கு ஓர் ஐயம் பிறந்தது. தொட்டாற்சுருங்கி வகைச் செடியொன்றை வெளிச்சம் புகாத இடத்தில் வைத்துப் பார்த்தார். கதிரவனைக் காணாமலே அது பகற்போதில் இலை விரித்தது; இரவில் மூடிற்று. 1832-இல் சுவிஸ் நாட்டுத் தாவர அறிஞர் தெ கந்தோல் மேலும் ஒரு படி சென்றார். ஓயாத வெளிச்சத்தில் வைத்த செடி 24 மணிக்கு ஒரு முறையன்றி, 22 அல்லது 23 மணிக்கு ஒரு முறை இலை விரித்தது. இந்த ஒன்றிரண்டு மணி வேறுபாடுதான் முழுக் கதைக்கும் திறவுகோல். பகலும் இரவும் 24 மணிக்கு ஒரு முறைதான் மாறி வருகின்றன. செடி அவற்றைப் பார்த்து நேரம் அறிந்திருந்தால், அதன் சுற்றும் 24 மணியாகவே இருந்திருக்கும். ஆகவே, அதன் உள்ளேயே ஏதோ ஒன்று நேரம் சொல்கிறது.

சுவரில் தொங்கும் கடிகாரத்துக்கும் உயிர்க்குள் ஓடும் கடிகாரத்துக்கும் உள்ள வேற்றுமையை நான் ஏட்டிற் படிக்குமுன் தோட்டத்திற் கண்டேன். 1982 ஜனவரி 1-ஆம் நாள், சபா சரவாக்கோடு ஒத்திருக்கும் பொருட்டுத் தீபகற்ப மலேசியாவின் நேரம் அரை மணி முன் தள்ளப்பட்டது. சிங்கப்பூரும் உடன் மாற்றிக்கொண்டது. அப்போது நான் தொடக்கப்பள்ளி மாணவன். கிராணியார் கடிகார முள்ளைத் திருப்பினார். எங்கள் லயத்துச் சேவல் திருப்பவில்லை. ரப்பர் மரமும் திருப்பவில்லை. விடியற்காலையில் மரத்தின் பால் குழாய்களில் அழுத்தம் மிக்கிருக்கும் வேளையில் வெட்டினால்தான் பால் நன்கு ஒழுகும். வெயில் ஏற ஏற அது குறையும். மரத்துக்கு வேண்டியது கதிரவனின் கணக்கேயன்றிக் கிராணியாரின் கணக்கன்று. என் பாட்டி சாகுமட்டும் “பழைய நேரம் எத்தனை?” என்றே கேட்டு வந்தார். நாங்கள் சிரித்தோம். இப்போது நினைத்தால் அவர் கேட்டது அத்துணை நகைப்புக்குரியதன்று என்று படுகிறது.

செடியையும் மரத்தையும் விட்டு உடலுக்குள் வருவோம். அறிவியல் பாடம் நடத்தும் நாம், என்சைம் எனப்படும் நொதியை மாணவர்க்கு எப்படி விளக்குகிறோம்? சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்பது உமிழ்நீரில் உள்ள நொதியால் என்போம். நொதி ஒரு புரதம். உடலின் இரசாயன மாற்றங்களை விரைவுபடுத்தும். தான் அதிற் செலவாகாது என்போம். இவ்வளவும் சரியே. ஆனால், ஓர் உறுப்பில் ஒரு நொதி எவ்வளவு வேலை செய்கிறது என்று கேட்டால் அதற்கு ஒரே எண்ணை விடையாகச் சொல்லிவிடலாம் என்றே விஞ்ஞானிகளும் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். எலியின் ஈரலை எடு, அரை, அள, முடிந்தது வேலை. எத்தனை மணிக்கு எடுத்தாய் என்று கேட்டவர் அரியர். அந்தக் கேள்வி சோதனைச்சாலைக் குறிப்பேட்டில் எவ்வாறு நுழைந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அதனைக் கேட்ட முன்னோடிகளுள் ஒருவர் சுவீடன் நாட்டு மருத்துவர் எரிக் போர்ஸ்கிரென். ஈரல், சர்க்கரையைக் கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருளாக்கிச் சேமிக்கும் கிடங்கு என்பதைப் பிரெஞ்சு அறிஞர் குளோது பெர்னார் 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே காட்டியிருந்தார். அதே ஈரல் பித்தநீரும் சுரக்கிறது. போர்ஸ்கிரென் முயல்களின் ஈரலை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, கிளைக்கோஜன் நிறைந்த ஈரலில் பித்தம் குறைந்தும், பித்தம் மிகுந்த ஈரலில் கிளைக்கோஜன் குறைந்தும் இருக்கக் கண்டார். ஈரல் இவ்விரு தொழிலையும் ஒருசேரச் செய்வதில்லை. நாளுக்கு ஒரு சுற்றாக முறைவைத்துச் செய்கிறது. அம்முறை உணவு வேளையை மட்டும் சார்ந்ததன்று என்று 1927, 1928-ஆம் ஆண்டுகளில் எழுதினார்.

இதற்கு இயல்பாக எழக்கூடிய எதிர்வாதம் ஒன்றுண்டு. உண்டபின் கிடங்கு நிறைகிறது, உண்ணாதபோது குறைகிறது. அதற்கு ஈரலுக்குள் ஒரு கடிகாரம் எதற்கு? அரிசி மூட்டை வந்தால் கடை நிறைகிறது. கடைக்குக் கடிகாரமா வைத்திருக்கிறார்கள்? இந்த வழக்கு எழுபது ஆண்டுக்கு மேல் நடந்தது என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளக் கோருகிறேன். போர்ஸ்கிரென் தளரவில்லை. நீரிழிவில் நாளின் வேளைகளை ஆராய்ந்த யாக்கோப் மெல்லர்ஸ்துரேம், செருமானிய மருத்துவர் ஆர்தர் யோரஸ் முதலிய சிலரோடு 1937-இல் சுவீடனின் ரோன்னபி என்னும் சிற்றூரிற் கூடி, உயிரின் தாளங்களை ஆராயும் அனைத்துலகச் சங்கமொன்றை நிறுவினார். இரண்டாண்டில் உலகப்போர் மூண்டது.

போருக்குப் பின் இக்கேள்வி அமெரிக்காவில் மீண்டும் தலைதூக்கியது. மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் பிரான்ஸ் ஹால்பெர்க் என்பார் சுண்டெலிகளின் இரத்தத்தில் ஒருவகை வெள்ளணுவை எண்ணிவந்தார். ஒரே இன எலிகள், ஒரே தீனி. எண்ணிக்கை மட்டும் ஒத்துவரவில்லை. காரணம் எலியிலும் இல்லை, தீனியிலும் இல்லை, எண்ணிய மணியில் இருந்தது. கண்பார்வை நீக்கப்பட்ட எலிகளில் அச்சுற்று நிற்கவில்லை. ஆனால் 24 மணியிலிருந்து சற்றே விலகி, நாளுக்கு நாள் நழுவிச் சென்றது. தெ கந்தோலின் செடியை ஈண்டு நினைத்துக்கொள்க. ‘ஏறத்தாழ ஒரு நாள்’ என்று பொருள்படும் இலத்தீன் சொற்களை இணைத்து ‘சர்க்கேடியன்’ என்ற சொல்லை 1959-இல் ஆக்கியவரும் ஹால்பெர்க்கே. ‘ஏறத்தாழ’ என்பதில்தான் அச்சொல்லின் உயிர் இருக்கிறது. அடுத்த ஆண்டு அவர் குழுவினர் காட்டியது அச்சமூட்டும் செய்தி. பாக்டீரிய நச்சொன்றை ஒரே அளவில் சுண்டெலிகளுக்குச் செலுத்தினர். ஒரு வேளையிற் செலுத்தியபோது பெரும்பாலானவை மாண்டன; வேறொரு வேளையிற் செலுத்தியபோது பெரும்பாலானவை பிழைத்தன. மருந்தின் அளவை மில்லிகிராமில் எழுதிவிட்டு மணியை எழுதாமல் விடுவது எத்துணைப் பெரிய பிழை என்பது அன்று விளங்கியது.

இனி நொதியின் கதை. ஒரு நாளுக்குள் ஏறி இறங்குவதற்கு நொதி என்ன பாதரசமா என்று கேட்கலாம். உடலின் புரதங்கள் கட்டடத்துச் செங்கல்போல் வைத்த இடத்தில் இருப்பவை அல்ல. ஓயாமல் ஆக்கப்பட்டு ஓயாமல் அழிக்கப்படுபவை என்பதை ருடால்ப் ஷோன்ஹைமர் அணுவடையாளம் இட்டுக் காட்டினார். அதை விளக்கும் அவர் நூல் 1942-இல் வெளிவந்தது. அடியில் ஓட்டையுள்ள குடத்தைக் குழாயடியில் வைத்தாற் போன்றது நொதியின் நிலை. ஓட்டை பெரிதானால், குழாயைச் சிறிது திருப்பியதும் நீர்மட்டம் ஏறும், அடைத்ததும் இறங்கும். ஓட்டை சிறிதானால், காலையில் குழாயை அடைத்தாலும் மாலைவரை மட்டம் அசையாது. எலியீரலில் உள்ள ஆர்ஜினேஸ் என்னும் நொதி பாதியாகக் குறைவதற்கு நான்கைந்து நாள் ஆகும். ஆகவே அதன் அளவு ஒரு பகலிரவில் பெரிதும் ஆடுவதற்கு இடமில்லை. சில நொதிகளுக்கோ இரண்டு மூன்று மணி நேரமே ஆயுள். தாளம் போடுபவை இத்தகையனவே.

அவற்றுள் முதலில் புகழ்பெற்றது மூளையின் நடுவே பட்டாணி அளவில் இருக்கும் பீனியல் சுரப்பியில் கண்டறியப்பட்டது. 17-ஆம் நூற்றாண்டில் தத்துவஞானி தெக்கார்த் ஆன்மாவின் இருக்கை என்று கருதிய உறுப்பு அது. பின்வந்தோர் அதற்கு ஒரு வேலையும் இல்லை என்று தள்ளிவைத்தனர். 1958-இல் தோல் மருத்துவ அறிஞர் ஆரன் லெர்னர் ஆயிரக்கணக்கான மாட்டுப் பீனியல்களைத் திரட்டி மெலட்டோனின் என்னும் ஹார்மோனைப் பிரித்தெடுத்தார். தவளையின் தோல் நிறத்தை வெளிறச் செய்யும் பொருள் அது. தோலைத் தேடிப் போனவர் கையில் இரவு அகப்பட்டது எனலாம்.

அமெரிக்க நாட்டுத் தேசிய உடல்நலக் கழகங்களில் பணியாற்றிய ஜூலியஸ் ஆக்சல்ராடும் இளைஞர் ரிச்சர்ட் உர்ட்மனும் மெலட்டோனினை ஆக்கும் நொதியை எலிகளில் அளந்தனர். ஓயாத வெளிச்சத்தில் வளர்ந்த எலிகளில் அது குறைந்தது. இருளில் வளர்ந்தவற்றில் மிகுந்தது. 1963-இல் இதனை வெளியிட்டனர். கண்ணில் படும் ஒளி, மூளையின் உள்ளே புதைந்த சுரப்பியில் ஒரு நொதியைக் கூட்டிக் குறைக்கிறது! ஆக்சல்ராடைப் பற்றி ஆசிரியத் தோழர்களுக்கு ஒன்று சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. அவர் ஆண்டுக்கணக்கில் சோதனைச்சாலை உதவியாளராக உழைத்தவர். அங்கு நேர்ந்த ஒரு விபத்தில் ஒரு கண் பார்வையை இழந்தவர். முனைவர் பட்டம் பெற்றது 1955-இல், தம் 43-ஆம் வயதில். 1970-இல் நரம்புச் செய்திகளைக் கடத்தும் பொருள்களைப் பற்றிய ஆய்வுக்காக நோபெல் பரிசு பெற்றார்.

அதே 1970-இல் டேவிட் கிளைன், ஜோன் வெல்லர் இருவரும் மெலட்டோனின் ஆக்கத்தில் அதற்கு முந்திய படியைச் செய்யும் நொதியை அளந்தனர். என்-அசெட்டைல் டிரான்ஸ்பரேஸ் என்பது அதன் நெடும்பெயர். எலியின் பீனியலில் அது பகலைவிட இரவில் 15 மடங்குக்கு மேல் வேலை செய்தது. ஒன்றரை மடங்கன்று, பதினைந்து மடங்கு. பகலில் அளந்தவர், இந்நொதி அற்பம் என்று எழுதியிருப்பார். நள்ளிரவில் அளந்தவர், இதுவே தலையாயது என்று எழுதியிருப்பார். இருவரும் பொய் சொன்னவர் ஆகார். எலியை முழு இருளில் வைத்தபோதும், பார்வை நீக்கியபோதும் அந்த ஏற்ற இறக்கம் தொடர்ந்தது. ஆகவே இது வெறும் வெளிச்சத்தின் எதிரொலியன்று. உள்ளிருந்து வரும் தாளம். ஆனால் வெளிச்சத்துக்கும் அதில் ஓர் அதிகாரம் உண்டு. நடு இரவில் எலிமீது விளக்கைப் போட்டால், அந்நொதியின் வேலை ஏறத்தாழ 3 நிமிடத்துக்குள் பாதியாக விழுகிறது என்று 1972-இல் அவ்விருவருமே காட்டினர். உடலில் நிகழும் நொதி மாற்றங்களுள் இத்துணை விரைவானது அரிது. இரவில் விளக்கொளி மனிதர் இரத்தத்திலும் மெலட்டோனினைக் குறைக்கும் என்பது 1980-இல் உறுதியாயிற்று.

பீனியலுக்கு ஆணையிடுவது யார்? இவ்வினாவுக்கும் 1972-ஆம் ஆண்டே விடை தந்தது. இரு கண்ணின் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஹைப்போதலமஸ் என்னும் பகுதியில், ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஓர் இணைத் திரள் உண்டு. அதனைச் சிதைத்த எலிகளில் அட்ரினல் சுரப்பியின் அன்றாட ஏற்ற இறக்கம் மறைந்தது என்று ராபர்ட் மூர், விக்டர் ஐக்லர் இருவரும், நீர் குடிப்பதும் ஓடியாடுவதும் வேளை தப்பின என்று ஸ்டீபன், சக்கர் இருவரும் தனித்தனியே கண்டனர். தலைமைக் கடிகாரம் அகப்பட்டுவிட்டது. அறிஞர் பலர் இத்தோடு வழக்கு முடிந்ததென்று கருதினர்: மூளையில் ஒரு மன்னன், மற்ற உறுப்புகள் அவன் முரசு கேட்டு நடக்கும் குடிகள்.

ஆனால் ஈரல் அடங்கவில்லை. இங்குச் சில ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். புரத உணவில் வரும் டைரோசின் என்னும் அமினோ அமிலத்தைச் சிதைக்கும் நொதி ஒன்று ஈரலில் உண்டு. டைரோசின் அமினோ டிரான்ஸ்பரேஸ் என்பர். அட்ரினல் ஹார்மோனைச் செலுத்தினால் அந்நொதி பெருகும் என்பது முன்பே தெரியும். 1967-இல் உர்ட்மனும் ஆக்சல்ராடும் எலியின் ஈரலில் அது காலையில் தாழ்ந்தும் மாலையில் பன்மடங்கு உயர்ந்தும் இருக்கக் கண்டனர். அட்ரினல் ஹார்மோனும் நாளுக்கு ஒரு முறை ஏறி இறங்குவது. ஆகவே அதுதான் நொதியை ஆட்டுகிறது என்று எவரும் கணக்குப் போடுவர். அட்ரினலை அகற்றிப் பார்த்தனர். நொதியின் ஏற்ற இறக்கம் நிற்கவில்லை! கணக்கு அழகாக இருந்தது, விடை தவறு.

பின் எதுதான் ஆட்டுகிறது? 1968-இல் வெளியான ஆய்வுகள் தட்டையே கைகாட்டின. எலிக்குப் புரதமில்லாத தீனி கொடுத்தபோது அத்தாளம் மறைந்தது. தீனி வேளையை மாற்றியபோது தாளமும் இடம் மாறியது. இருளில் உண்ணும் பிராணியாகிய எலி மாலையில் தீனியைத் தொடங்குகிறது, புரதம் வந்து இறங்குகிறது, நொதி ஏறுகிறது. அரிசி மூட்டை வந்தால் கடை நிறையும் என்ற பழைய எதிர்வாதக்காரர்கள் வென்றனர் என்றே தோன்றிற்று. போர்ஸ்கிரென் சொன்ன ஈரற் கடிகாரம் என்பது கடிகாரமே அன்று, சாப்பாட்டின் நிழல்!

இந்த முடிவை அக்காலத்து அறிஞர்மீது குறையாகச் சொல்ல நான் துணியேன். கண்ட சான்றுக்கு அதுவே நேரிய பொருள். ஆயினும் ஒரு நொதியைப் பார்த்து ஈரல் முழுவதற்கும் தீர்ப்பெழுதியது அவசரம். 1969-இல் கொழுப்பாகிய கொலஸ்டராலை ஆக்கும் பாதையின் வாயிற்காவலனான எச்.எம்.ஜி.-கோஏ ரிடக்டேஸ் என்னும் நொதி, எலியின் ஈரலில் நள்ளிரவையொட்டி உச்சத்தையும் நண்பகலையொட்டித் தாழ்வையும் அடைவது தெரியவந்தது. மருந்துகளைச் சிதைக்கும் ஈரல் நொதிகளும் எலி, சுண்டெலி இரண்டிலும் வேளைக்கு வேளை மாறுவதை 1968-இலேயே ரட்சியலோவ்ஸ்கி, பூஸ்கே என்போர் காட்டியிருந்தனர். ஈரல் ஒரு நொதியால் ஆனதன்று.

வழக்கைத் திருப்பியவர் ஜெனிவாவின் யூலி ஷிப்லர். அவர் கடிகாரத்தைத் தேடியவர் அல்லர். ஈரல், ஆல்புமின் என்னும் புரதத்தை ஆக்குவதற்கான மரபணுவை முடுக்குவது எது என்று தேடியவர். அத்தேடலில் டி.பி.பி. என்னும் ஒரு புரதம் அகப்பட்டது. 1990-இல் உவாரினும் அவரும் எழுதிய கட்டுரையின்படி, அப்புரதம் எலியின் ஈரலில் பிற்பகலிலும் மாலையிலும் நிறைந்திருக்கும்; காலையில் தேடினால் ஏறக்குறைய அகப்படாது. ஒரு நொதி மட்டும் ஏறி இறங்கினால் அதைத் தட்டில் விழுந்த உணவின் மேல் ஏற்றிவிடலாம். மரபணுக்களை முடுக்கும் புரதமே மணி பார்த்து வருகிறதென்றால், அதன்கீழ் எத்தனை நொதிகள் அதற்கேற்ப ஆடும்! பின்னாளில், 2006-இல், டி.பி.பி.யையும் அதன் இரு உறவுப் புரதங்களையும் இழந்த சுண்டெலிகளை ஷிப்லரின் குழுவினர் ஆராய்ந்தனர். அவற்றின் ஈரலில் நச்சு நீக்கும் நொதிகள் குன்றியிருந்தன. மருந்தைத் தாங்கும் வலிமையும் குறைந்திருந்தது.

இதற்கிடையே பழ ஈக்களில் தொடங்கிய வேறோர் ஆறும் இதில் வந்து கலந்தது. 1971-இல் கொனோப்கா, பென்சர் இருவரும் ஈயின் நாட்சுற்றையே மாற்றிவிடும் மரபணுவைக் கண்டனர். 1984-இல் ஹால், ரோஸ்பாஷ் ஆகியோரும், தனியே யங் என்பாரும் அதனைப் பிரித்தெடுத்தனர். ஒரு மரபணு ஒரு புரதத்தை ஆக்கும். அப்புரதம் சேர்ந்து பெருகியதும் திரும்பி வந்து தன் மரபணுவையே அடக்கும். அது தேய்ந்ததும் மரபணு மீண்டும் விழிக்கும். இச்சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். மூவர்க்கும் 2017-இல் நோபெல் பரிசு கிட்டியது. பாலூட்டிகளிலும் இத்தகைய மரபணுக்கள் அகப்பட்டன. அவை மூளையில் மட்டுமோ என்று பார்த்தால், ஈரலிலும் சிறுநீரகத்திலும் இதயத்திலும் இருந்தன. 1998-இல் ஷிப்லரின் குழுவினர், பல்லாண்டுகளாகக் கண்ணாடித் தட்டில் வளர்க்கப்பட்டு வந்த எலியின் உயிரணுக்களை மிகுதியான குருதிநீரால் ஒருமுறை உலுக்கிவிட்டனர். அவற்றுள் கடிகார மரபணுக்கள் நாள் தாளத்தில் ஏறி இறங்கத் தொடங்கின. அங்கே மூளை இல்லை, கண் இல்லை, சாப்பாட்டு வேளையும் இல்லை.

எனவே போர்ஸ்கிரென் வென்றாரா? பொறுத்தருள்க. 2000, 2001-ஆம் ஆண்டுகளில் ஜெனிவாவிலிருந்து ஒரு குழுவும், மைக்கேல் மெனேக்கரும் துணைவரும் அடங்கிய மற்றொரு குழுவும் தனித்தனியே ஒரு சோதனை செய்தனர். இரவில் உண்ணும் பிராணிகளுக்குப் பகலில் மட்டுமே தீனி வைத்தனர். மூளையின் தலைமைக் கடிகாரம் அசையவில்லை. அது ஒளியையே பார்த்திருந்தது. ஈரலின் கடிகாரமோ முள்ளைத் திருப்பிக்கொண்டு தீனியின் பக்கம் போய்விட்டது. மெனேக்கர் குழுவின் எலிகளில் ஈரல் 2 நாளுக்குள் 10 மணி நேரம் நகர்ந்தது. ஓர் உடலுக்குள் இரண்டு கடிகாரம், இரண்டு நேரம்!

ஈரலுக்குள் கடிகாரம் உண்டென்றவர் சொன்னது மெய். அதைச் சாப்பாடு ஆட்டுகிறது என்றவர் சொன்னதும் மெய். கடிகாரம் சொந்தம்; அதற்குச் சாவி கொடுப்பது உணவு. 2009-இல் வெளியான மற்றோர் ஆய்வு இவ்விரண்டையும் பிரித்துக் காட்டியது: கடிகார மரபணு இழந்த சுண்டெலிகளுக்கு வேளை தவறாமல் தீனி வைத்தபோது அவற்றின் ஈரலிற் சில தாளங்கள் மீண்டன, கடிகாரம் பழுதற்ற சுண்டெலிகளைப் பட்டினி போட்டபோது தாளங்களுட் பல அடங்கின. எழுபது ஆண்டு வழக்கில் இரு கட்சியாரும் வென்ற அரிய தீர்ப்பு இது.

இதனால் நமக்கென்ன என்று வாசகர் கேட்கலாம். மாத்திரையிலிருந்து தொடங்குவோம். மனித உடலிலும் கொலஸ்டரால் ஆக்கம் இரவில்தான் மிகுதி. மேற்சொன்ன ரிடக்டேஸ் நொதியைத் தடுக்கும் ஸ்டேட்டின் மருந்துகளுள் முதலாவதாகிய லோவஸ்டேட்டின் 1987-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அவற்றுட் சிம்வஸ்டேட்டின் உடலில் நெடுநேரம் நில்லாதது. ஆதலால் அதனை மாலையில் உட்கொள்ளச் சொல்கின்றனர். அட்டோர்வஸ்டேட்டின், ரோசுவஸ்டேட்டின் இரண்டும் நெடுநேரம் நிற்பவை. அவற்றுக்கு வேளைக் கட்டுப்பாடு இல்லை. நம்மிடையே இம்மாத்திரை விழுங்காத ஓய்வாசிரியர் எத்தனை பேர்? மருந்துச்சீட்டில் ‘இரவு’ என்ற சொல்லின் பின்னே எலியீரலை நள்ளிரவில் அளந்த கதை இருக்கிறது. இக்கட்டுரையைக் கண்டு மருத்துவர் குறித்த வேளையை எவரும் மாற்ற வேண்டா.

மாத்திரையினும் பெரிது இராவேலை. என் தந்தையார் செம்பனை எண்ணெய் ஆலையில் இரவு முறையில் வேலை பார்த்தவர். நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்குத் தூக்குச்சட்டியைத் திறந்து, அம்மா கட்டிக்கொடுத்த சோற்றை உண்பார். காலை எட்டு மணிக்கு வீடு வந்து, சன்னலுக்குச் சாக்குத் திரையிட்டுப் படுப்பார். ஐம்பது வயதாகுமுன் நீரிழிவு வந்தது. அவர் நோய்க்கு இதுதான் காரணமென்று நான் சொல்ல வரவில்லை. சொல்வதற்குரிய சான்றும் என்னிடம் இல்லை. அன்று எங்கள் வீட்டில் பேச்செல்லாம் தூக்கத்தைப் பற்றியே. “ஒழுங்கா தூங்கினா எல்லாம் சரியாப் போயிரும்” என்பார் அம்மா. அந்தச் சோற்று வேளையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பகலில் படுத்த எலிக்குப் பகலில் தீனி வைத்தால் ஈரல் எங்கே போகும் என்பது அன்று உலகில் எவருக்கும் தெரியாது.

உடலின் நாட்தாளத்தைக் குலைக்கும் முறைமாற்று வேலை புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகாமை 2007-இல் வகைப்படுத்தியது. 2019-இல் இராவேலை என்றே பெயரிட்டு அதனை மீண்டும் உறுதிசெய்தது. 2021-இல் அமெரிக்காவில் 19 பேரைக் கொண்டு ஒரு சிறு சோதனை நடந்தது. அனைவரும் சோதனைச்சாலையில் இராவேலைக்காரர்போல் இரவில் விழித்துப் பகலில் உறங்கினர். ஒரு பகுதியினர் இரவிலும் உண்டனர்; மற்றவர் பகலில் மட்டும் உண்டனர். இரவில் உண்டவர்களின் இரத்தத்திற் சர்க்கரை உயர்ந்தது. பகலில் மட்டும் உண்டவர்க்கு அவ்வுயர்வு ஏற்படவில்லை. விழிப்பும் உறக்கமும் இரு சாரார்க்கும் ஒன்றே. பத்தொன்பது பேர் என்பது சிறிய தொகை. பல்லாண்டு இராவேலை பார்த்தவர்களிடம், ஆலையிலும் காவற்கூண்டிலும் மருத்துவமனை வார்டிலும், இது சோதிக்கப்பட வேண்டும்.

இன்று எலிகளின் நொதியை அளப்போர் மணியை வேறு விதமாக எழுதுகின்றனர். எலிக்கூண்டு அறையில் விளக்கேற்றும் நேரம் சுழியம். அதிலிருந்து 12 மணி ஆனதும் விளக்கணைப்பு. 18 என்றால் எலியின் நள்ளிரவு. சுவர்க் கடிகாரம் அங்குச் செல்லாது. ஊருக்கு ஊர் நேரம் மாறினாலும், ஓர் ஊரே தன் நேரத்தை அரை மணி தள்ளினாலும், எலியின் ஈரல் காட்டும் கணக்கு மாறுவதில்லை. என் பாட்டி கேட்டதும் ஏறத்தாழ அந்த நேரத்தைத்தான்.